சரித்திரக் கதையும் கல்லெழுத்தும்

"கதைதானே! அதில் சரித்திரத்தைத் தேடுவானேன்?" என்று கேட்பவர் ஒரு சாரார். "சரித்திர புருஷர்களின் பெயரை எடுத்தாண்ட பின் சரித்திரத்தைத் திரிப்பானேன்?" என்று கேட்பவர் மற்றொரு சாரார். இவ்வழக்கு புதியதன்று. காவியம் தோன்றிய காலத்திலேயே இதுவும் தோன்றியிருக்க வேண்டும். ஆயினும், தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்து, கொரிய நாட்டு அரசர்களும் அந்தப்புரப் பெண்டிரும் நம் குழந்தைகளுக்கு நெருங்கிய உறவினர்போல் ஆகிவிட்ட இந்நாளில், இவ்வழக்கைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நலம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ பள்ளி செல்லும் தமிழ்க் குழந்தை, பாடப் புத்தகத்தில் சோழரைப் பற்றிப் படிப்பது சில பக்கங்களே. ராஜராஜனையும் குந்தவையையும் அக்குழந்தை அறிவது பெரும்பாலும் நாவலின் வாயிலாக. நாவலைத் தமிழில் படிக்க இயலாத குழந்தை அறிவது திரைப்படத்தின் வாயிலாக மட்டுமே. ஊரில் இருப்பவனுக்குக் கதை பிழைபட்டால் கோயில் சுவர் அருகில் இருக்கிறது. நமக்கோ கதையே சரித்திரமாகிவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே, கதைக்கும் சரித்திரத்துக்கும் உள்ள எல்லை யாது என்ற கேள்வி நமக்குப் பொழுதுபோக்கன்று.

முதலில் கொரியாவைப் பார்ப்போம். சரித்திரத் தொடர்களை மிகுதியாக எடுப்பதோடு, அவற்றைப் பற்றி மிகக் கடுமையாக வழக்காடுவதும் அந்நாட்டு மக்களின் இயல்பு. இதற்குக் காரணம் அவர்களிடமுள்ள ஒரு பெரும் ஆவணத் தொகுதி. 1392ஆம் ஆண்டில் தோன்றிய ஜோசோன் அரச மரபின் நாள்வழிக் குறிப்புகள், 1863 வரை 25 மன்னர்களின் ஆட்சியைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்தவை. யுனெஸ்கோ நிறுவனம் 1997ஆம் ஆண்டில் இவற்றை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இக்குறிப்புகள் எழுதப்பட்ட முறை வியப்புக்குரியது. அரசவையில் எப்போதும் குறிப்பாசிரியர்கள் இருப்பர். அவர்கள் எழுதியதை அரசன் பார்த்தல் ஆகாது. அரசன் இறந்த பின்னரே அவை தொகுக்கப்படும். தொகுத்து முடிந்ததும், மூலக் குறிப்புகள் எழுதிய தாள்களை ஓடை நீரில் கழுவி மையை நீக்கிவிடுவர். 1404ஆம் ஆண்டில் தேஜோங் என்னும் மன்னன் வேட்டையின்போது குதிரையிலிருந்து தவறி விழுந்தான். எழுந்ததும், "இது குறிப்பாசிரியனுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். அவன் விழுந்ததும் எழுதப்பட்டது. தெரிய வேண்டாம் என்று சொன்னதும் எழுதப்பட்டது! அவன் மகனும், கொரிய எழுத்து முறையை வகுத்தவனுமாகிய சேஜோங், தன் தந்தையின் ஆட்சிக் குறிப்புகளைப் பார்க்க விரும்பியபோது, அமைச்சர்கள் மறுத்துவிட்டனர். பிற்கால அரசர்களும் பார்க்க விரும்புவர். அப்பால் எவன் அஞ்சாது எழுதுவான் என்பது அவர்கள் வாதம்.

இத்தகைய ஆவணம் இருக்கும் நாட்டில் கதாசிரியனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். உண்மையில் வேலை மிகுதி. 2003ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஜாங்கும் என்னும் பெண்மணியின் கதை 54 பகுதிகள் ஓடிற்று. உலகெங்கும் பரவிய அத்தொடர் இந்தியில் குரல் மாற்றப்பட்டு நம் தூர்தர்ஷனிலும் வந்தது. அதன் நாயகி சரித்திரத்தில் இருந்தவளே. 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஜுங்ஜோங் மன்னனின் ஆட்சிக் குறிப்புகளில் அவள் பெயர் சில இடங்களில் வருகிறது. மன்னன் தன் நோயைப் பற்றி மருத்துவப் பெண் அறிவாள் என்று 1544ஆம் ஆண்டில் கூறியதாகவும் ஒரு குறிப்பு உண்டு. எங்கே பிறந்தாள், எவரிடம் கற்றாள், யாரை நேசித்தாள் என்பன அங்கே இல்லை. அரண்மனை மடைப்பள்ளியில் அவள் சமையல் கற்றதாக வரும் நெடும்பகுதி முழுதும் கற்பனை. பார்த்தவர்கள் இதை அறிந்தும் குறை கூறவில்லை. ஏனெனில், ஆவணம் வாய்மூடிய இடத்திலேதான் கதை வாய்திறந்தது.

மறுபுறத்தையும் காண்போம். 2013ஆம் ஆண்டில், கொரியாவில் பிறந்து மங்கோலியரின் யுவான் பேரரசில் பட்டத்தரசியான கி என்பவளைப் பற்றி ஒரு தொடர் வந்தது. கொடுங்கோலன் என்று சரித்திரம் பழிக்கும் சுங்ஹே மன்னனை அதில் காதல் நாயகனாக்கத் திட்டமிட்டிருந்தனர். எதிர்ப்பு எழுந்ததும் அவ்வரசனை நீக்கி, வாங் யூ என்ற கற்பனை அரசனைப் படைத்துக்கொண்டனர். 2020ஆம் ஆண்டின் இறுதியில், இக்காலத்து ஆடவன் ஒருவனது உயிர் 19ஆம் நூற்றாண்டு அரசியின் உடலில் புகுவதாக நகைச்சுவைத் தொடர் ஒன்று தொடங்கிற்று. மேலே சொன்ன நாள்வழிக் குறிப்புகளை வெறும் வம்புத் தாள் என்று அதில் ஒரு பாத்திரம் பழித்தது. பார்த்தவர்கள் சினந்தனர், தங்கள் மூதாட்டியை இழிவு செய்ததாக அரசி ஒருத்தியின் குலத்தாரும் முறையிட்டனர். தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டு, அவ்வாசகத்தை நீக்கி, குலப் பெயர்களையும் மாற்றினர்.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது இவற்றினும் பெரிது. 'ஜோசோன் பேயோட்டி' என்று பொருள்படும் தொடரில், குதிரையிலிருந்து விழுந்த தேஜோங்கும், இளவரசனாயிருந்த சேஜோங்கும் பாத்திரங்களாக வந்தனர். இளவரசன் விருந்தளிக்கும் காட்சியில் சீன நாட்டுப் பண்டங்களும் அலங்காரங்களும் வைக்கப்பட்டிருந்தன. கொரியப் பண்பாட்டுக்கு யார் உரிமையாளர் என்ற சச்சரவு அப்போது இரு நாட்டு மக்களிடையே நடந்துகொண்டிருந்தது. விளம்பரம் தந்த நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. இரண்டே பகுதிகள் ஒளிபரப்பான நிலையில் தொடர் அடியோடு நிறுத்தப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் 'ஸ்னோடிராப்' என்ற தொடர் வந்தது. கதை நிகழும் காலம் 1987. அதாவது கொரிய மாணவர்களும் பொதுமக்களும் சர்வாதிகாரத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஆண்டு. அக்காலத்தில் போராடியவர்களை வடகொரிய ஒற்றர் என்று பொய்க் குற்றம் சாட்டி வதைத்ததுண்டு. இத்தொடரிலோ, போராட்ட மாணவன் என்று நினைத்து ஒரு பெண் அடைக்கலம் தருகின்றவன் மெய்யாகவே ஒற்றனாக இருக்கிறான். பழைய பொய்க்கு இக்கதை உயிர் கொடுக்கிறது என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசுக்கு விண்ணப்பம் செய்தனர். தடை கோரிய வழக்கை நீதிமன்றம் தள்ளிற்று. தொடரில் பிழையான கருத்து இருப்பினும், காண்போர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவர் என்று கொள்வதற்கில்லை என்பது நீதிமன்றத்தின் நோக்கு. தொடர் முழுமையாக ஓடி முடிந்தது.

இந்நான்கு நிகழ்ச்சிகளையும் ஒருசேரப் பார்த்தால், காண்போரின் அபிப்பிராயம் ஒரு ஒழுங்கில் செல்வதைக் காணலாம். கற்பனை என்பதற்காக எவரும் சினக்கவில்லை. பேய் வந்ததற்காகவும் சினக்கவில்லை. ஆணின் உயிர் பெண்ணுடலில் புகுந்ததற்காகவும் சினக்கவில்லை. இருந்த ஒருவனை இல்லாதவனாகக் காட்டியபோதும், துன்புற்றவர்களின் துன்பத்தைப் பொய்யாக்கியதாகத் தோன்றியபோதும், ஆவணத்தையே இகழ்ந்தபோதும் சினந்தனர். அச்சினம் சிற்சில வேளை அளவு கடந்ததும் உண்மை. ஒரு தட்டிலிருந்த பண்டத்துக்காக ஒரு தொடரையே அழித்தது தகுமா என்று கேட்பவர்களை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சி எழுதப்படும் கதை, அரசனுக்கு அஞ்சி எழுதப்படும் சரித்திரத்தைவிட எவ்வகையில் உயர்ந்தது?

இனி நம் பக்கம் திரும்புவோம். இதற்கு நான் தேர்ந்துகொள்ளும் இடம் தஞ்சையன்று, பிச்சாட்டூர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில், சுருட்டப்பள்ளியையும் நாகலாபுரத்தையும் கடந்தால் வரும் ஊர் இது. ஆரணியாற்றின் நீர்த்தேக்கத்தால் பெயர் பெற்றது. மழைக்காலத்தில் அங்கே மதகு திறந்தால், கீழே ஊத்துக்கோட்டையில் கரையோர மக்கள் விழித்திருப்பர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றம், திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கும், திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் பல ஊர்களை ஆந்திரத்துக்கும் அளித்தது. கோடு மாறிற்று, ஆறு தன் போக்கிலேயே ஓடுகிறது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன.

சரித்திரக் கதையை உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடைப்பதரிது. ஏனெனில், பழைய தொண்டைமண்டலத்தின் வடபுறமாகிய இந்நிலப்பகுதியில், சோழ சரித்திரத்தின் முக்கியமான சான்றுகள் சில இருக்கின்றன. வடக்கே, காளத்திக்கு அருகில் தொண்டைமானாடு. முதலாம் ஆதித்த சோழன் உயிர் நீத்த தொண்டைமானாற்றூர் அதுவே. அவனுக்கு மகன் பராந்தகன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் அங்குள்ளது. தெற்கே திருவாலங்காடு. 1905ஆம் ஆண்டில் அங்கே வெளிப்பட்ட செப்பேடுகள் 31. முதலாம் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைக் கோயிலுக்கு அளித்த சாசனம் அவை. அதற்கும் தெற்கே தக்கோலம், கி.பி. 949ஆம் ஆண்டில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு பொருது, சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் மடிந்த களம் அது.

கொரியரிடம் உள்ளது போன்ற நாள்வழிக் குறிப்பு நம்மிடம் இல்லை. நம்மிடம் உள்ளவை கல்லும் செம்பும். கல் பெரும்பாலும் நிலத்தையும் விளக்கையும் ஆட்டையும் நெல்லையும் பற்றிப் பேசும். அரசனைப் பற்றிப் பேசுவது போகிற போக்கில். செம்பு அரசனைப் பற்றி விரித்துப் பேசும். ஆனால் புகழ்ந்தே பேசும். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி ஒரு காவியமே. அது சோழ குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. ஆதித்த கரிகாலன் மறைந்த பின், குடிமக்கள் அருள்மொழிவர்மனை அரசேற்குமாறு வேண்டினர் என்றும், தன் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும் வரை தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று அவன் மறுத்தான் என்றும் அது கூறுகிறது. எவ்வளவு அழகிய தியாகம்! ஆயினும், இதை எழுதுவித்தவன் அருள்மொழியின் மகன் என்பதை நாம் மறத்தலாகாது. கொரியாவில் அரசன் பார்க்கக் கூடாதென்று எழுதினர். இங்கே அரசன் பார்த்து மகிழ எழுதினர். இரண்டும் சான்றே. இரண்டையும் படிக்கும் முறை வேறு.

தக்கோலப் போரைப் பற்றிய சான்றுகள் இதனினும் சுவையானவை. ஆனைமங்கலச் செப்பேடு, ராஜாதித்தன் யானைமேல் வீற்றிருந்தவாறே கணையால் பிளக்கப்பட்டு வீர சுவர்க்கம் புகுந்ததாகப் பாடுகிறது. அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனின் புகழைச் சொல்வது கன்னட நாட்டு ஆதகூர்க் கல். அக்கல்லை முதலில் படித்த அறிஞர், பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள்பட வாசித்தார். பின்னர் அதே சொற்களை மீண்டும் ஆராய்ந்து, அம்பாரியே போர்க்களமாக நின்று குத்திக் கொன்றான் என்று திருத்தினார். சில எழுத்துகளை வேறு விதமாகப் படித்ததனால் கொலைகாரன் வீரனாகிவிட்டான்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் கை சற்று நடுங்கும். முதல் வாசகத்தை மட்டும் அறிந்த ஒருவர் நாவல் எழுதியிருந்தால், பூதுகன் என்றென்றும் வஞ்சகனாகவே தமிழர் நெஞ்சில் நின்றிருப்பான்.

அதே கல்லில் வேறொரு செய்தியும் உண்டு. அப்போரில் தீரச் செயல் புரிந்த மணலேரன் என்ற வீரனை நோக்கி, வேண்டுவது கேள் என்றான் அரசன். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிற்பாடு அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு போரிட்டுத் தானும் மடிந்தது. அந்நாய்க்காகவே அக்கல் நாட்டப்பட்டது. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இக்கல் இருக்கிறது. அந்நகரில் வாழும் நேயர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு சென்று காணலாம். நமக்குத் துயரமான தோல்வி, அண்டை வீட்டாருக்கு நாயும் பன்றியும் வீரனுமாக ஒரு பெருமிதக் கதை என்பதை அங்கே நேரில் உணரலாம்.

இப்பின்னணியில் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். கல்கி இதை 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதினார். ஆதித்த கரிகாலனின் கொலையே அதன் நடுமையம். அக்கொலைக்குச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய துரோகிகளின் நிலங்களையும், அவர்கள் உறவினரின் நிலங்களையும் பறிமுதல் செய்து விற்ற செய்தியே அதன் பொருள். எங்கே கொன்றனர், எவர் ஏவினர், என்ன காரணம் என்பன அதில் இல்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். அவ்வையம் பொருந்தாது என்று மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். கல்வெட்டு வாய்மூடிய அவ்விடத்தில் கல்கி நந்தினி என்ற கற்பனைப் பெண்ணைக் கொணர்ந்தார். கடம்பூர் மாளிகையைக் கொணர்ந்தார். ரவிதாசன் மட்டும் கல்லிலிருந்து இறங்கி வந்தவன்.

இது முற்றிலும் நேர்மையான முறை. கல்கி ஆங்காங்கே கதையை நிறுத்தி, இன்ன செப்பேடு இவ்வாறு கூறுகிறது என்று எடுத்துக் காட்டவும் செய்தார். ஆயின், ஓரிடத்தில் அவர் கற்பனை கல்லையே கடந்து சென்றது. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகனாக வளர்ந்த மதுராந்தகன் உண்மை மகனல்லன். பூக்கட்டிக் கோயிலுக்கு அளிக்கும் சேந்தன் அமுதனே மெய்யான மகன். அவனே உத்தம சோழனாக முடி சூடினான் என்பது நாவலின் முடிவு. கல்வெட்டுகள் அறிந்தவன் ஒரே ஒரு உத்தம சோழன்; செம்பியன் மாதேவியார் பெற்ற மகன். ஆள்மாறாட்டத்துக்குச் சான்றில்லை.

2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படம் இரண்டு பாகங்களாக வெளிவந்தபோது நிகழ்ந்ததைக் கவனியுங்கள். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. மதுராந்தகனே முடி சூடுகிறான். அதாவது, இவ்வோர் இடத்தில் திரைப்படம் நாவலைவிடக் கல்லெழுத்துக்கு அண்மையில் நின்றது. ஆனால், கண்டவர்களில் எத்தனை பேர் அதற்காக மகிழ்ந்தனர்? "கல்கி எழுதியதை மாற்றிவிட்டார்களே!" என்ற குறையே மிகுதியாகக் கேட்டது. நாவலின்மேல் கொண்ட அன்பினால் எழுந்த குறை அது, அவ்வளவில் தவறில்லை. ஆனால், "சரித்திரத்தை மாற்றிவிட்டார்களே!" என்று அதையே சிலர் சொன்னபோதுதான் உண்மையான அபாயம் வெளிப்பட்டது. எழுபது ஆண்டுகளில், கதை சரித்திரத்தின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டது. இது கல்கியின் குற்றமன்று. படித்தவர்கள் நாவலோடு நின்றுவிட்டதன் விளைவு.

ஆகவே எல்லை யாது? என் தொழிலிலிருந்தே ஓர் அளவுகோலைச் சொல்ல விரும்புகிறேன். மூலத்தில் உள்ளதை மாற்றுதல் மொழிபெயர்ப்பாளனுக்கு ஆகாது. மூலம் தெளிவில்லாத இடத்தில் தன் கருத்தைக் கூறினால், அது தன் கருத்தென்று அடையாளம் இடுதல் வேண்டும். கதாசிரியனுக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் உண்டு, உண்டாகவும் வேண்டும். சான்று பேசாத இடம் முழுவதும் அவன் உழுது பயிரிடும் நிலம். ஜாங்குமின் மடைப்பள்ளியும் நந்தினியின் பழிவாங்கலும் அங்கே விளைந்தவை. சான்று பேசும் இடத்தில் அவன் மாற்றுவானாயின், கொரியர் செய்ததுபோல் பெயரை மாற்றிக் கற்பனை அரசனைப் படைத்துக்கொள்ளலாம். அல்லது, இது நான் மாற்றியது என்று முன்னுரையிலோ முடிவுரையிலோ ஒரு வரி சொல்லலாம். துன்புற்றவர்கள் இன்னும் உயிரோடிருக்கும் அண்மைக் காலத்தைத் தொடும்போது மட்டும் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

காண்போருக்கும் கடமை உண்டு. நம் பெருமைக்கு ஏற்றதாயின் சான்று கேட்காமல் நம்புவதும், ஏற்காததாயின் நூறு சான்று கேட்பதும் நடுநிலையாகாது. கொரியாவோடு நம்மைப் பிணைக்கும் ஒரு கதையே இதற்கு உதாரணம். கி.பி. 48ஆம் ஆண்டில் அயுத்தா என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற இளவரசி ஒருத்தி, காயா நாட்டு மன்னன் சுரோவை மணந்தாள் என்று 'சம்குக் யுசா' என்னும் நூல் கூறுகிறது. அந்நூல் 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அயுத்தா என்பது அயோத்தி என்பர் பலர். அது தமிழகத்தின் ஆய் நாடு என்பர் நம்மவர் சிலர். அம்மா, அப்பா என்னும் சொற்கள் இரு மொழியிலும் ஒத்திருப்பதையும் சேர்த்துச் சொல்வர். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால், நந்தினிக்குக் கல்வெட்டுக் கேட்கும் நாம், இவ்விளவரசிக்கு மட்டும் கேட்காமல் விடலாமா? குழந்தை மொழியில் உதட்டொலியால் பிறக்கும் அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்திருப்பவை. இக்கதையைக் கதையாகவே போற்றுவோம்; சான்று கிடைக்கும் நாளில் சரித்திரமாகப் போற்றுவோம்.

பிச்சாட்டூர்ப் பக்கத்து மக்கள் இவ்வேறுபாட்டை இயல்பாகவே கையாள்கின்றனர் என்பது என் எண்ணம். நாராயணவனத்தில் ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்தது என்ற தலபுராணம் அவர்களுக்குப் பக்தி. நாகலாபுரத்தில் வேதநாராயணர் கோயிலைக் கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் நினைவாக எழுப்பினார் என்பது சரித்திரம். அவ்வரசரே, ஆண்டாளின் கதையைத் தெலுங்குக் காவியமாக 'ஆமுக்த மால்யத'வில் பாடினார். தமிழ்ப் பெண்ணின் கதையை வேற்று மொழி அரசர் தம் கற்பனையால் விரித்துப் பாடியதைத் திரிபு என்று எவரும் பழிக்கவில்லை. அது காவியம் என்று அனைவரும் அறிந்திருந்ததே காரணம். புராணத்தைப் புராணமாகவும், காவியத்தைக் காவியமாகவும், கல்லைக் கல்லாகவும் அறிந்தவர்களுக்கு மூன்றும் செல்வமே. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால்தான் சண்டை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இச்சண்டை எளிதில் வாசலுக்கு வந்துவிடும். ஒரு படத்தில் சாளுக்கியன் கொடியவன். அவன் வழிவந்தோரோ நம் அடுத்த வீட்டில் வாழ்கின்றனர். மற்றொரு படத்தில் சோழன் கொடியவன். அதைக் கண்டு நம் குழந்தை பள்ளியிலிருந்து முகம் வாடித் திரும்புகிறது. அப்போது குழந்தையைத் தேற்றுவதற்கு வேறொரு படம் உதவாது, சான்று உதவும். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூரில் இருக்கிறது. துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை இன்று வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, திருப்பதி தரிசனத்தோடு நின்றுவிடாமல், திரும்பும் வழியில் பிச்சாட்டூர்ச் சாலையில் வந்து நாகலாபுரத்தில் இறங்கலாம். ஒரு நாள் கூட்டித் தொண்டைமானாட்டையும் தக்கோலத்தையும் காணலாம்.

கதையைத் தடுக்க வேண்டியதில்லை. கொரியத் தொடரோ, சோழர் படமோ, குழந்தைகள் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும், "இதில் எது நடந்தது? எது கட்டியது?" என்று ஒரு கேள்வி வீட்டில் எழுந்தால் போதும். விடை உடனே தெரியாவிட்டாலும் குற்றமில்லை. சேர்ந்து தேடலாம். கொரிய மக்கள் தம் தொடர்களைப் பற்றி எழுப்பிய கூச்சலில் மிகையும் உண்டு, நியாயமும் உண்டு. ஆனால், ஆறு நூற்றாண்டுக்கு முன் ஓர் அரசன் குதிரையிலிருந்து விழுந்ததைக்கூட அவர்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, நம் ஊர்க் கோயில் சுவரில் இருப்பதை ஒருமுறையேனும் படித்துப் பார்க்கும் ஆவல் நமக்கும் உண்டாக வேண்டும்.